கொழும்புக்கு வரும் சொந்தங்கள் கேட்பவை: சாப்பாடு, கடைத்தெரு, பொழுதுபோக்கு

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது. ஆடி, ஆவணியில் ரொறன்ரோவும் லண்டனும் வந்திறங்கும். மார்கழி லீவுக்குச் சென்னை வரும். யாழ்ப்பாணம் எந்த மாதமும் வரும், பெரும்பாலும் காலை ஐந்து மணிக்கு, இரவு பஸ்ஸில். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் களைத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

கொழும்பில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறோம். எங்கே போகலாம்?

இடத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். கொழும்பில் ஏமாந்து திரும்புகிறவர்களில் பாதிப்பேர் நல்ல இடத்துக்குப் பிழையான நேரத்தில் போனவர்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் கடலோரக் காலிமுகத்திடலில் நின்றால் வெயிலும் காகமும்தான் துணை. ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனால் இழுத்து மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு வரலாம். மாலை நாலு மணிக்குச் சாப்பாட்டுக்கடையில் சோறு கேட்டால் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஆகவே ஒரு நாள் கணக்கு இது. காலையில் சைவக்கடை. ஒன்பதரைக்குள் புறக்கோட்டை. பன்னிரண்டரைக்குச் சோறு. வெயில் உச்சத்தில் நூதனசாலை, அல்லது குளிரூட்டிய ஏதாவது கட்டடம். ஐந்து மணிக்குக் கடல். ஒன்பதுக்குப் பிறகு கொத்துரொட்டி. நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட முடிந்தால் போடுங்கள், ஊர்க்காரர் அப்படித்தான் செய்வார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு நல்ல சைவக்கடை எது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெரு, இந்த மூன்று இடத்திலும் எந்தக் கடையில் ஏறினாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். பம்பலப்பிட்டியில் கிறீன்லண்ட்ஸ் பழைய பெயர். பழைய வீட்டின் விறாந்தையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிற உணர்வு அங்கே இன்னும் இருக்கிறது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஒன்றும் கேட்காமலே வடை, போண்டா, ரோல்ஸ் என்று ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். "நாங்கள் இதைக் கேட்கவில்லையே" என்று பதற வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதை மட்டும் எண்ணிப் பில் போடுவார்கள், மிச்சம் திரும்பிப் போய்விடும். என் சென்னைச் சித்தப்பா முதல் தடவை வந்தபோது, வீணாகக்கூடாது என்று தட்டு முழுவதையும் முடித்துவிட்டு மத்தியானம் ஒன்றும் வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

இன்னொன்று: இங்கே காலைச் சாப்பாடு என்றால் இட்லி, தோசை மட்டும் இல்லை. இடியப்பமும் சொதியும், பிட்டும் சம்பலும் கேளுங்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கும் மெல்லிய மஞ்சள் குழம்பு. அதைச் சாம்பாரின் இடத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் அநியாயம். குடிக்கத் தேத்தண்ணி. பால் வேண்டாம் என்றால் "பிளேன்டீ" என்று கேட்டால் போதும். இஞ்சி போட்ட பிளேன்டீ எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மத்தியானம்?

பார்சல். பதினொன்றரைக்கு எல்லாக் கடைகளிலும் அடுக்கிவிடுவார்கள், இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். சோறு, மூன்று மரக்கறி, ஒரு சம்பல், பப்படம், அதோடு மீனோ கோழியோ முட்டையோ. இரண்டு பேருக்கு ஒரு பார்சல் என்பது பலருக்குச் சரியாக இருக்கும்.

கொஞ்சம் விசேஷமாக வேண்டுமானால் லம்ப்ரைஸ் தேடுங்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டுச் சாப்பாடு அது. எலும்புச் சாறில் வேகவைத்த சோறு, கலப்பு இறைச்சிக் கறி, ஃபிரிக்கடெல் என்கிற இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, இறால் சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையில் கட்டி அவணில் சூடாக்குவார்கள். இலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்கே காசு கொடுக்கலாம். தும்முல்லைச் சந்திக்குப் பக்கத்தில் உள்ள டச்சுப் பறங்கியர் சங்கத்தின் லம்ப்ரைஸ் பெயர்பெற்றது. பேக்கரிகளில் அதே பெயரில் முட்டையும் கோழியும் வைத்து விற்பதும் உண்டு. அது பரவாயில்லாத ஒரு பார்சல், அவ்வளவுதான்.

இரவில் கொத்து எங்கே நல்லது?

சண்டைக்கு இழுக்கிற கேள்வி. கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் என்று ஒரு கூட்டம் சொல்லும். எங்கள் ஒழுங்கை முனைக் கடைதான் என்று நான் சொல்வேன். இரும்புத் தட்டில் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் தெரு முனைக்கே கேட்கும். ஒவ்வொரு கொத்துக்காரருக்கும் ஒவ்வொரு தாளம். பகலில் கொத்து கேட்காதீர்கள். சில கடைகளில் கிடைக்கும், ஆனால் தட்டுச் சூடாகியிருக்காது, போடுகிறவருக்கும் மனசு இருக்காது. அப்பமும் அப்படித்தான், பின்னேரத்துக்குப் பிறகுதான் கடைகளில் அடுப்பு வரிசையாக எரியும். முட்டை அப்பம் ஒன்று, வெறும் அப்பம் இரண்டு, கட்டைச்சம்பல். வெள்ளை அப்பத்தின் நடுப்பகுதியைக் கடைசியாகச் சாப்பிட வேண்டும் என்பது என் சொந்தச் சட்டம்.

இரவுச் சாப்பாட்டில் இன்னொரு உலகம் புதுக்கடையில் இருக்கிறது. நீதிமன்றங்கள் இருக்கும் அதே பகுதிதான். பகலில் கறுப்புக் கோட்டுகள், இரவில் புகையும் கரியும். முஸ்லிம் சகோதரர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். சுட்ட இறைச்சி, பராட்டா, ஃபலூடா, வட்டலப்பம். நோன்பு மாதத்தில் கூட்டம் அலைமோதும். ஆறு பேர் சேர்ந்து போனால் சஹன் கேட்டுப் பாருங்கள். பெரிய தட்டு ஒன்றில் புரியாணியைக் குவித்துத் தருவார்கள், சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும்.

நண்டு சாப்பிட வேண்டும். கிரிக்கெட்காரர்களின் கடையாமே?

மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். கோட்டையில், பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது. தர்ஷன் முனிதாசவுடன் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 2011இல் தொடங்கியது. முன்கூட்டியே மேசைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். நண்டை நிறை பார்த்து விலை போடுவார்கள், அந்த விலையைப் பார்த்து நண்டுக்கு முன் நீங்கள் சிவந்துவிடாதீர்கள்.

சாப்பிடாவிட்டாலும் அந்தக் கட்டடத்துக்காக ஒருமுறை போகலாம். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கொம்பனியின் ஆட்களுக்கு வைத்தியம் பார்த்த இடம். கோட்டையில் மிச்சமிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. தடித்த சுவர், தேக்கு உத்தரம், நடுவில் முற்றம்.

யாழ்ப்பாண நண்டுக்குழம்புதான் வேண்டுமென்றால் அது வேறு கதை. கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைரா உணவகத்தில் கிடைக்கும். வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, சில நாட்களில் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் காய்ச்சும் கூழும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா வைப்பா, ஆனால் உடைக்கிற வேலை உங்களுடையது.

பில்லில் ஏன் கடைசியில் தொகை ஏறுகிறது?

பெரிய உணவகங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள், அதற்கு மேல் வரிகள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இதெல்லாம் பிறகு வரும் என்று அர்த்தம். ஒழுங்கை முனைக் கடையில் இந்தக் கூட்டல் கழித்தல் ஒன்றும் இல்லை.

புறக்கோட்டையில் என்ன வாங்கலாம், எப்படி வாங்கலாம்?

புறக்கோட்டையில் தெருவுக்கு ஒரு சாமான் என்ற கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். முதலாம் குறுக்குத் தெரு மின்சாதனப் பக்கம். கெய்சர் வீதியும் பிரதான வீதியும் துணி, உடுப்பு, வீட்டுச் சாமான். கேபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு. சுக்கு, திப்பிலி, வெட்டிவேர் என்று சாக்குச் சாக்காக இருக்கும், உள்ளே நடந்தாலே தடிமன் போய்விடும். செட்டியார் தெரு தங்கம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக, மாதுளம்பழம்போல் ஒரு கட்டடம் தெரியும். ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். எங்கள் ஆட்கள் சிவப்புப் பள்ளி என்பார்கள். புறக்கோட்டையில் வழி தவறினால் அதைக் கேட்டு விசாரித்துத் திரும்பலாம்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஜும்மா தொழுகை. பல கடைகள் சாத்தியிருக்கும். ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்கு லீவு, நடைபாதைக் கடைகள் மட்டும் நடக்கும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் முந்தின வாரம் போனால் நீங்கள் நடக்கத் தேவையில்லை, கூட்டமே கொண்டுபோகும்.

விலை பேசத்தான் வேண்டும். ஆனால் பாதிக்குப் பாதி கேட்டால் மரியாதை போய்விடும். முதலில் விலை கேட்டு, இரண்டு கடை தள்ளிப் போய் அங்கேயும் கேட்டு, பிறகு பேசுங்கள். மொழி ஒரு பிரச்சினையே இல்லை, புறக்கோட்டையில் தமிழ் நன்றாக ஓடும். முஸ்லிம் கடைக்காரரை "நானா" என்று கூப்பிட்டால் முகம் மலரும். சிங்களக் கடைக்காரர் வயதில் இளையவர் என்றால் "மல்லி", அதாவது தம்பி. விலை கேட்க "கீயத" என்ற ஒரு சொல் போதும், பதில் விரல்களில் வரும்.

கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நாட்டாமைகளுக்கு, அதாவது மூட்டை சுமக்கிறவர்களுக்கு, வழிவிடுங்கள். தள்ளுவண்டியில் ஆளுயரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறவர் பிறேக் பிடிக்க முடியாது.

தங்கம் செட்டியார் தெருவில் வாங்கலாமா, வெள்ளவத்தையிலா?

தெரிவு செட்டியார் தெருவில் அதிகம். இங்கே பவுண் கணக்கு, ஒரு பவுண் 8 கிராம். அன்றைய விலையை முதலில் விசாரித்துவிட்டு, கூலியும் சேதாரமும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கரட், நிறை இரண்டும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு நம்பிக்கையின்பேரில் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிய சங்கிலியை மாற்றப் போனபோது, அந்தக் கடைக்காரர் எங்களை முன்பின் பார்த்ததே இல்லை என்றார். பெயர் எழுத மாட்டேன், கடையும் இப்போது இல்லை.

சேலை?

வெள்ளவத்தை காலி வீதியில் இருபக்கமும். பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் மூன்று மணிநேரம் ஒதுக்குங்கள். ஆண்கள் கூடப் போவதாக இருந்தால் அவர்களைப் பூபாலசிங்கம் புத்தகசாலையில் விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு தரப்புக்கும் நிம்மதி. ஈழத்து எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு அதுதான் முதல் வாசல். செட்டியார் தெருவிலும் அவர்களுக்குக் கடை உண்டு. செப்டெம்பரில் வந்தால் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள்.

கைத்தறியில் விருப்பம் என்றால் காலி வீதியில் பெயர்ஃபுட். பார்பரா சன்சோனி தொடங்கியது. நிறங்களைப் பார்த்தால் கண் கூசும், ஆனால் அழகாகக் கூசும். பின்பக்க முற்றத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம். அரசாங்கக் கைப்பணிக்கடை லக்சல, முகமூடி, பித்தளை, பிரம்பு வாங்க.

மோல்கள்?

இருக்கின்றன. காலிமுகத்திடலுக்கு எதிரே வன் கோல் ஃபேஸ் 2019 கடைசியில் திறந்தது. பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டியை எம்.சி. என்போம், எங்கள் தலைமுறையின் பாதி இளமை அதன் மின்படிக்கட்டில் போனது. துபாயையும் ரொறன்ரோவையும் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, மழை பெய்தால் மட்டும் போங்கள். சுதந்திரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கேட் மட்டும் வேறு மாதிரி. வெள்ளைக்காரன் காலத்து மனநோய் மருத்துவமனைக் கட்டடத்தைச் செப்பனிட்டுக் கடைத்தொகுதி ஆக்கியிருக்கிறார்கள். அங்கே விலைச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, கட்டடம் தன் பழைய வேலையை விடவில்லை என்று என் மச்சான் சொன்னான்.

காலிமுகத்திடலில் அப்படி என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை, அதுதான் விசேஷம். நகரத்தின் நடுவில், கடலுக்கும் வீதிக்கும் இடையே, கட்டடம் எழும்பாத ஒரு நீண்ட வெளி. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போனார் மனிதர். அந்தக் கல் இன்னும் அங்கே நிற்கிறது. 2022இல் நாடே கோபப்பட்டபோது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இதே திடலுக்குத்தான் வந்தது.

ஐந்து மணிக்குப் போங்கள். சூரியன் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் இறங்கும், நேரடியாகக் கடலுக்குள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வானம் முழுக்கப் பட்டம். மணலும் புல்லும் கலந்த தரையில் குடும்பங்கள் பாய் விரித்திருக்கும், குடைக்குக் கீழே காதலர்கள் மறைந்திருப்பார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பது நம் பண்பாடு.

இறால் வடை கட்டாயம். சிங்களத்தில் இஸ்ஸோ வடை. தட்டையான பருப்பு வடைமேல் ஓட்டோடு இறால்களைப் பதித்துப் பொரிப்பார்கள், வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் மேலே. பொரித்து அடுக்கிவைத்ததை வாங்காதீர்கள். உங்கள் கண் முன்னே மீண்டும் எண்ணெயில் போடச் சொல்லி, மொறுமொறுப்பாக வந்ததும் வாங்குங்கள். பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், அன்னாசி, அம்பறலங்காய் அச்சாறு.

தெற்கு முனையில் 1864ஆம் ஆண்டின் கோல் ஃபேஸ் ஹோட்டல். அறை எடுக்கத் தேவையில்லை, கடலைப் பார்த்த முற்றத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அந்தத் தேத்தண்ணியின் விலையில் பத்து இறால் வடை வரும். இரண்டையும் ஒரே மாலையில் செய்து பாருங்கள்.

கடலில் குளிக்கலாமா?

காலிமுகத்திடலில் வேண்டாம், கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். வெள்ளவத்தையில் பாறை. குளிக்க வேண்டுமென்றால் கல்கிசை, அதுவும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பு. நீந்தத் தெரிந்தவர்களைத்தான் அது முதலில் இழுக்கும், ஏனென்றால் தெரியாதவர்கள் இறங்குவதில்லை.

பிள்ளைகளுக்குக் காசில்லாமல் ஏதாவது பொழுதுபோக்கு?

கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயில். கிட்டத்தட்டக் காசில்லாதது. தெற்கே போகும்போது வலதுபக்க யன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டினால் அலை வந்து பாதைக் கல்லில் மோதும், சாரல் முகத்தில் அடிக்கும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, பிறகு கல்கிசை. காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஏறாதீர்கள், அலுவலகக் கூட்டம் கதவில் தொங்கும். பத்து மணிக்கு ஏறினால் வண்டியே உங்களுடையது. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க மட்டும் விடாதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

வேறு: விகாரமகாதேவிப் பூங்கா, அதற்கு எதிரே 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயரம், 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இப்படியான இடங்களில் கட்டணம் வேறு. "நான் மானிப்பாயில் பிறந்தவன்" என்று ரிக்கெற் கவுண்டரில் வாதாடிப் பிரயோசனமில்லை, என் பெரியப்பா முயன்று பார்த்துவிட்டார்.

தமிழ்ப் படம், நாடகம், கச்சேரி?

தமிழ்ப் படம் சென்னையில் வரும் அன்றே இங்கேயும் வரும். வெள்ளவத்தையில் சவோய். படம் தொடங்குமுன் தேசிய கீதம், எழுந்து நிற்க வேண்டும். பெரிய நடிகரின் முதல் நாள் காட்சி என்றால் விசில் சத்தத்தில் வசனம் கேட்காது. கதை முக்கியமானவர்கள் மூன்றாம் நாள் போங்கள்.

வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. நூல் வெளியீடு, நினைவுப் பேருரை என்று அடிக்கடி ஏதாவது நடக்கும். இலவசம், வடையும் பிளேன்டீயும் உண்டு. ஆனால் தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் முடிந்த பிறகுதான். ஆடி, ஆவணியில் அரங்கேற்றங்கள் குவியும், அழைப்பிதழ் உங்களைத் தேடி வரும். மேடை நாடகத்துக்குக் கறுவாத்தோட்டத்தில் லயனல் வென்ட் அரங்கு, பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான்.

விழாக் காலத்தில் வந்தால்?

ஆடி வேல் பார்க்கலாம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து தேர் புறப்பட்டு காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வரும், நகரப் போக்குவரத்து முழுவதும் முருகனுக்கு வழிவிட்டு நிற்கும். மே மாதப் பௌர்ணமியில் பௌத்தர்களின் வெசாக். கங்காராம விகாரைப் பக்கமும் பேர வாவியும் வெளிச்சக்கூடுகளால் நிறைந்திருக்கும். தெருவுக்குத் தெரு தன்சல் என்கிற தானப் பந்தல் வைத்து ஐஸ்கிறீம், கடலை, சோறு என்று யார் எவர் என்று பாராமல் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்குவதில் வெட்கம் வேண்டாம், வாங்காவிட்டால்தான் கொடுக்கிறவருக்குக் கவலை.

பௌர்ணமி ஒவ்வொன்றும் போயா விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. கலண்டரைப் பார்த்துவிட்டு விருந்துக்கு நாள் வையுங்கள். ஏப்ரல் 13, 14இல் வந்தால் கொழும்பே ஊருக்குப் போயிருக்கும். வெறிச்சோடிய காலி வீதியில் நடுவே நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்போது வரலாம், சாப்பாட்டை மட்டும் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டோவா, பஸ்ஸா?

காலி வீதியில் 100, 101 இலக்கப் பஸ்கள் புறக்கோட்டைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டோ என்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள். மீற்றர் பழுது என்று சொல்கிறவரிடம் ஏறாதீர்கள். அந்த மீற்றர் நான் சிறுவனாக இருந்தபோதே பழுது.

திரும்பிப் போகும்போது என்ன கொண்டுபோவது?

தேயிலை, பொதியில் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையிலேயே பொதிசெய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். வெள்ளவத்தையில் வறுத்து அரைத்த யாழ்ப்பாண மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, கித்துள் பாணி. பாணிப் போத்தலை இரண்டு பொலித்தீனில் கட்டி உடுப்புக்கு நடுவில் வையுங்கள். கருவாடும் மாசிக் கருவாடும் கேட்டால் வாங்கித் தருவேன், ஆனால் அந்தப் பெட்டியைத் தனியாக வையுங்கள். போன வருடம் லண்டன் மாமி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனா. கல்யாணச் சேலை இன்னும் பல்கனியில் காற்று வாங்குகிறதாம்.